அரச சேவையில் தற்காலிகத் தொழினுட்பப் பதவிகள்: ஒரு வரலாற்று நோக்கு

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில், கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பிரதேச செயலாளர் பிரிவில் அமைந்திருப்பது தர்மபுரம் என்னும் கிராமம். ‘தற்காலிகம்’ என்ற சொல்லின் பொருளை இக்கிராமத்தவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இங்கு வாழ்வோருட் பலர் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் வழிவந்தோர். 2009 ஆம் ஆண்டு ஜனவரியில் கிளிநொச்சிப் பொது வைத்தியசாலை இடம்பெயர்ந்து சில நாட்கள் இயங்கியதும் இக்கிராமத்திலேயே. அதே மாதத்தில் அயலிலுள்ள கல்மடுக்குளத்தின் அணை உடைக்கப்பட்டது. வீடு, வைத்தியசாலை, பாடசாலை, அலுவலகம் என அனைத்துமே தற்காலிகமாகிப்போன ஒரு காலத்தை இம்மண் கண்டிருக்கிறது. எனவே இங்குள்ள ஓர் இளைஞனுக்கோ யுவதிக்கோ ‘அரசாங்க வேலை’ என்பது சம்பளத்தை மட்டும் குறிப்பதன்று, நிலைபேற்றையும் குறிப்பதாகும்.

ஆயினும், இன்று அரசாங்கத் திணைக்களங்களில் தொழினுட்பம் சார்ந்து உருவாகும் பணிகளுட் பல நிலையானவையல்ல. கணனித் தரவுப் பதிவு, வலைப்பின்னல் பராமரிப்பு, நிலவரைபடத் தயாரிப்பு, கட்டுமான மேற்பார்வை போன்ற வேலைகளுக்கு ஒப்பந்த அடிப்படையிலும், அமைய அடிப்படையிலும், செயற்றிட்டம் ஒன்றின் காலவெல்லைக்குள்ளும் ஆட்கள் அமர்த்தப்படுகின்றனர். இம்முறை நன்றா தீதா என்னும் வினா அடிக்கடி எழுகின்றது. அரசியல் மேடைகளில் இதற்கு அளிக்கப்படும் விடைகள் பெரும்பாலும் ஒருபக்கச் சார்பானவை. ‘யாவரையும் நிரந்தரமாக்குக’ என்பது ஒரு சாராரின் குரல். ‘அரச சேவை பருத்துவிட்டது, ஒப்பந்தமே போதும்’ என்பது மறு சாராரின் குரல். வரலாற்றை நோக்கின் இவ்விரு விடைகளும் குறையுடையன என்பது புலனாகும்.

வன்னியின் வரலாற்றிலிருந்தே இவ்வாய்வைத் தொடங்குதல் பொருத்தமாகும். கிளிநொச்சி மாவட்டத்தின் மிகப்பெரிய குளமாகிய இரணைமடுவை அமைக்கும் யோசனையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முன்வைத்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பாக்கர் ஆவார். இலங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியொரு திணைக்களமாக 1900 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதனை அடுத்து 1902 இல் இரணைமடுவின் கட்டுமானம் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. கனகாம்பிகைக்குளத்திலும் கிளிநொச்சியிலும் அமைந்த பணியாளர் முகாம்களே அப்பகுதியின் நவீன குடியிருப்புக்களுக்கு வித்திட்டன. பின்னர் 1950 களிலும் 1975–77 காலப்பகுதியிலும் அணைக்கட்டு உயர்த்தப்பட்டுக் குளத்தின் கொள்ளளவு பெருக்கப்பட்டது. போருக்குப் பின்னர் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் உதவியுடன் மீண்டும் புனரமைக்கப்பட்டு, 2018 டிசம்பரில் அப்பணி நிறைவெய்தியது.

இவ்வரலாற்றில் இரு வகையான உழைப்பு இணைந்திருப்பதை அவதானிக்கலாம். ஒன்று கட்டும் உழைப்பு. மற்றையது காக்கும் உழைப்பு. அணை கட்டுவதற்கு நூற்றுக்கணக்கானோர் சில ஆண்டுகளுக்குத் தேவைப்படுவர். அளவீடு செய்வோர், மண் பரிசோதிப்போர், மேற்பார்வையாளர், இயந்திரம் இயக்குவோர், நாட்சம்பளத் தொழிலாளர் ஆகியோர் அவ்வகையினர். வேலை முடிந்ததும் அவர்களுடைய தேவையும் முடிந்துவிடும். அவர்கள் அனைவரையும் வாழ்நாள் முழுவதும் அங்கேயே வைத்திருக்க எந்த அரசினாலும் இயலாது. ஆனால் துருசைத் திறந்து மூடுதல், மழைக்காலத்தில் நீர்மட்டத்தை நோக்குதல், வாய்க்காலைத் துப்புரவாக வைத்தல், வான்கதவுகளை உரிய வேளையில் உயர்த்துதல் ஆகியன முடிவுறாத வேலைகள். குளம் உள்ளவரை அவையும் உள்ளன.

காக்கும் உழைப்பின் அருமை அது தவறும்போதே தெரியவரும். புனரமைக்கப்பட்ட இரணைமடு கையளிக்கப்பட்ட அதே 2018 டிசம்பரின் பிற்பகுதியில், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் கடும் வெள்ளம் ஏற்பட்டது. வான்கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்பது பற்றிப் பெரும் விவாதம் மூண்டது, விசாரணையும் நடைபெற்றது. அவ்விவாதத்தின் முடிபு எதுவாயினும், அது எழுப்பிய பொதுவான உண்மை ஒன்றுண்டு. பல கோடி ரூபா செலவிற் கட்டப்பட்ட அணையாயினும், எவ்வளவு மழைக்கு எவ்வளவு நேரத்தில் நீர் வந்து சேரும் என்பதை ஆண்டாண்டாகக் கண்டறிந்த அனுபவம் அதனைக் காப்போரிடம் இருந்தாக வேண்டும். அந்த அனுபவத்தைக் குறுகிய கால ஒப்பந்தத்தினாற் பெறமுடியாது.

இனி, காக்கும் பணியை எப்போதும் நிலையான அலுவலரிடமே விட்டுவிட வேண்டுமா என்ற வினா எழுகின்றது. இவ்வினாவுக்குத் தமிழர் வரலாறே வியப்பூட்டும் விடை ஒன்றைத் தருகின்றது. தொண்டைமண்டலத்து உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், கி. பி. 919 இலும் 921 இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலை முறையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்யும் விதிகளைக் கூறுகின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். வயிரமேகத் தடாகம் என்னும் பேரேரியைக் கொண்டிருந்த அவ்வூரில், ஏரியைப் பேணும் பொறுப்பு ஆறு பேர் கொண்ட இவ்வாரியத்திடம் இருந்தது. அவர்களின் பதவிக்காலம் 360 நாட்கள் மட்டுமே. ஒருமுறை வாரியம் செய்தவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மீண்டும் தெரிவுக்குத் தகுதியற்றவராவர். இன்றைய மொழியிற் கூறின், ஏரி வாரியப் பதவி காலவரையறைக்கு உட்பட்ட ஒரு தற்காலிகப் பொதுப் பதவியாகும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்விதிகள் தற்காலிகப் பதவியின் நன்மையையும் தீமையையும் நன்கு அறிந்தே இயற்றப்பட்டிருக்கின்றன. பதவி சிலரிடமே தேங்கிவிடாமற் சுழன்று வருதல் நன்மை. பொறுப்பு நீங்கியவன் கணக்குக் காட்டாது போய்விடுதல் தீமை. ஆதலின், வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிவு பெறுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. அனுபவம் வீணாதலும் ஒரு தீமையே. ஆதலின், முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தோருக்கு, உயர்ந்ததாகிய சம்வத்சர வாரியத்திற்குத் தெரிவாகும்போது முன்னுரிமை அளிக்கப்பட்டது. இவற்றுடன் கணக்கு எழுதுவோர் பற்றியும் தனி விதிகள் இருந்தன. தாம் எழுதிய காலத்துக் கணக்கை ஒப்புவிக்காமல் ஒருவர் மீண்டும் அப்பணியில் அமர முடியாது. வாரியத்தார் மாறினும் ஊரின் ஏடு மாறாதிருந்தது.

இவ்வமைப்பைப் பொற்காலமாகப் போற்றுதல் பொருந்தாது. அது பிராமணருக்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊர். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், 35 இற்கும் 70 இற்கும் இடைப்பட்ட வயதும், வேதக் கல்வியும் உடையோரே தெரிவுக்கு உரியர். ஏரியின் சேற்றிலிறங்கி உழைத்தோர்க்கு அவ்வாரியத்தில் இடமிருக்கவில்லை. எனினும், பதவி தற்காலிகமாயின் பதிவேடு நிலையானதாக இருத்தல் வேண்டும் என அவ்வூர்ச் சபை கண்டுகொண்ட நெறி இன்றும் கருதத்தக்கது.

அந்நெறியைக் கைவிட்டால் என்ன நிகழும் என்பதற்கு நவீன உலகின் சிறந்த சான்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடிசன மதிப்பீடாகும். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அங்கு மதிப்பீட்டு அலுவலகம் திறக்கப்படும். வேலை முடிந்ததும் மூடப்படும். ஊழியரும் கலைந்து செல்வர். 1880 ஆம் ஆண்டு மதிப்பீட்டின் விபரங்களைத் தொகுத்து முடிக்க ஏழாண்டுகளுக்கு மேலாயிற்று. அம்மதிப்பீட்டில் விசேட அலுவலராகச் சிலகாலம் பணியாற்றிய இளைஞர் ஹேர்மன் ஹொலரித் அத்தாமதத்தை நேரிற் கண்டவர். 1882 இல் அவர் ஆசிரியப் பணிக்குச் சென்றார். பின்னர் துளையிட்ட அட்டைகளை எண்ணும் இயந்திரமொன்றைத் தாமே அமைத்து, அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1890 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அவ்வியந்திரம் வாடகைக்கு அமர்த்தப்பட்டது. ஏறத்தாழ 6 கோடியே 30 இலட்சம் மக்களின் மொத்தத் தொகை சில வாரங்களிற் கணிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியைத் தற்காலிகப் பதவியின் வெற்றியாகக் காண்போர் உளர். அது ஓரளவு உண்மையே. வெளியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், வாழ்நாள் எழுதுவினைஞர்கள் பழகிப்போய்க் கேள்வி எழுப்பாதிருந்த குறையைப் புதிய கண்ணாற் கண்டார். ஆனால் அவர் வெளியேறியபோது அறிவும் அவருடனேயே வெளியேறிற்று. பின்னர் அரசாங்கம் அதனை வாடகை கொடுத்தே பெறவேண்டியதாயிற்று. 1900 ஆம் ஆண்டு மதிப்பீட்டின் பின்னர் வாடகை பற்றிப் பிணக்கு முற்றியது. 1902 இல் மதிப்பீட்டு அலுவலகம் நிரந்தரத் திணைக்களமாக்கப்பட்டது. அது சொந்தமாக இயந்திரங்களை அமைக்க முனைந்தது. அதற்காக 1907 இல் அமர்த்தப்பட்ட ஜேம்ஸ் பவர்ஸ் என்னும் பொறியாளர் தமது கண்டுபிடிப்புக்களின் காப்புரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு 1911 இற் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதே 1911 இல் ஹொலரித்தின் நிறுவனம் வேறு நிறுவனங்களுடன் இணைக்கப்பட்டது. அந்தக் கூட்டு நிறுவனமே 1924 இல் ஐ. பி. எம். எனப் பெயர் மாறியது. நிரந்தரத் திணைக்களம் அமைந்த பின்னரும், அறிவு யாருக்கு உரியது என்பதை முன்கூட்டியே வரையறுக்காமையால், அரசாங்கம் ஒரே பாடத்தை இருமுறை கற்க நேர்ந்தது.

இலங்கையின் குடிசன மதிப்பீட்டுக்கும் வன்னிக்கும் உள்ள தொடர்பு வேறொரு வகையானது. 1871 முதல் இந்நாட்டிற் குடிசன மதிப்பீடு நடைபெற்று வருகின்றது. கணக்கெடுப்போர் சில வாரங்களுக்கு மட்டுமே அப்பணியில் ஈடுபடுவர்; திணைக்களமோ நிலையாக இருக்கும். தற்காலிக உழைப்பும் நிரந்தர நிறுவனமும் பொருந்தி நிற்பதற்கு இது நல்ல உதாரணமாகும். ஆனால் 1981 இன் பின்னர் நிகழ்ந்த போரினால் கிளிநொச்சியில் முழுமையான மதிப்பீடு 2012 வரை நடைபெறவில்லை. 1981 இல் 91,764 ஆக இருந்த இப்பகுதியின் சனத்தொகை 2012 இல் 113,510 எனக் கணிக்கப்பட்டது. இடைப்பட்ட முப்பத்தோராண்டுகளில் இடம்பெயர்ந்தோர், இறந்தோர், திரும்பி வந்தோர் பற்றிய தொடர்ச்சியான அரசாங்கப் பதிவு அறுந்துபோயிற்று. ஏடு அறுந்துபோன மண்ணில் பதிவுப் பணியின் பெறுமதி பன்மடங்காகும். காணி உறுதி, பிறப்புச் சான்று, இழப்பீடு ஆகிய யாவற்றுக்கும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு மேசையில் ஒழுங்காகப் பதிந்து பாதுகாத்த ஒரு வரியே ஆதாரமாகின்றது.

அத்தகைய பதிவுகள் இன்று கணனிக்கு மாறிவருகின்றன. இம்மாற்றத்தில் இலங்கை அரசாங்கம் இரு வழிகளைப் பின்பற்றியது. 2003 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் அடிப்படையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் அரசுக்குச் சொந்தமான கம்பனியாகச் செயற்படத் தொடங்கியது. திணைக்கள நடைமுறைகளுக்கு வெளியே, சந்தைச் சம்பளத்துக்கு நெருங்கிய சம்பளத்தில், திறமையுடையோரை அமர்த்துவதற்கு அது வழிவகுத்தது. மறுபுறம், 2009 இல் இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பச் சேவை என நிரந்தரச் சேவையொன்று பிரமாணக் குறிப்பின் மூலம் உருவாக்கப்பட்டது. முதலாவது வழி கட்டுவதற்கு ஏற்றது. இரண்டாவது காப்பதற்கு ஏற்றது. இரண்டும் கைகோத்துச் சென்றாலன்றி நன்மை விளையாது.

2023 ஆகஸ்டில் அரசாங்க முகில் கணனி அமைப்பின்மீது நிகழ்ந்த கப்பத் தாக்குதல் இதற்கு எச்சரிக்கையாக அமைந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 இலிருந்து ஆகஸ்ட் 26 வரையிலான தரவுகள் மீளப் பெறமுடியாது போயின. பயன்பாட்டிலிருந்த மென்பொருள் காலாவதியானதாக இருந்தது. அதனைப் புதுப்பிக்கும் திட்டம் நிதித் தடையினால் தாமதமாகியிருந்தது. இழப்புக்குத் தற்காலிக ஊழியரே காரணம் எனக் கூறுதல் நியாயமாகாது. கட்டியதைக் காப்பதற்கென நிதியும் ஆளும் தொடர்ந்து ஒதுக்கப்படாவிடின், குளமாயினும் கணனியாயினும் முடிவு ஒன்றே என்பதையே அது காட்டுகின்றது.

தற்காலிகப் பதவியின் நன்மைக்கு அண்மைக்காலச் சான்று ஒன்றையும் கூறுதல் வேண்டும். 2013 ஒக்டோபரில் அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதாரக் காப்புறுதி இணையத்தளம் திறக்கப்பட்டபோது, முதல்நாளில் அதில் வெற்றிகரமாகப் பதிவுசெய்தோர் ஆறு பேர் மட்டுமே. வெளியிலிருந்து அழைக்கப்பட்ட சிறு பொறியாளர் குழு சில மாதங்களில் அதனைச் சீர்செய்தது. அந்த அனுபவத்தைக் கொண்டு 2014 இல் அந்நாட்டில் எண்ணிமச் சேவை அலுவலகமொன்று அமைக்கப்பட்டது. அதன் அலுவலர் நான்காண்டுகளுக்கு மேற்படாத பதவிக்காலத்துக்கே அமர்த்தப்பட்டனர். பதவியுயர்வை எதிர்பார்க்க வேண்டாதவர் மேலதிகாரியிடம் உண்மையை அஞ்சாது கூறுவர். வாழ்நாள் முழுவதும் அரச சேவையில் இருக்க விரும்பாத வல்லுநரும் சில ஆண்டுகளை நாட்டுக்கு அளிப்பர். இவை மறுக்கமுடியாத நன்மைகள். ஆனால் அதே ஆண்டில், அதே நோக்குடன் உருவான ‘18 எஃப்’ என்னும் மற்றொரு குழு 2025 மார்ச்சில் ஒரே நாளிற் கலைக்கப்பட்டது. எளிதில் அமர்த்தப்படுவது எளிதிற் கலைக்கவும் படும்.

ஊழியரின் பக்கத்திலிருந்து நோக்கின் தீமைகள் மேலும் தெளிவாகும். ஓய்வூதிய உரித்தற்ற ஊழியருக்கு 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஓரளவு பாதுகாப்பளிக்கின்றது. எனினும் ஒரே அறையில், ஒரே கணனியின் முன், ஒரே வேலையைச் செய்யும் இருவருள் ஒருவருக்கு ஓய்வூதியமும் மற்றவருக்கு அடுத்த மாத ஒப்பந்தம் பற்றிய ஏக்கமுமாக இருப்பது நீதியாகாது. பதவியைப் புதுப்பிக்கும் அதிகாரம் ஒரு தனி மனிதரின் கையிலிருக்கும்போது அரசியற் செல்வாக்கும் முகத்தாட்சணியமும் நுழைந்துவிடுகின்றன. நிரந்தரச் சேவைக்குப் போட்டிப் பரீட்சை வேண்டும் என 1854 இல் பிரித்தானியாவில் நோர்த்கோட், ட்ரெவெலியன் இருவரும் அறிக்கை சமர்ப்பித்ததன் நோக்கம் இச்செல்வாக்கை ஒழிப்பதேயாம்.

மலையகத்திலிருந்து வந்து வன்னியிற் குடியேறியோருக்கு இவ்வநீதி இன்னும் ஆழமானது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டவர்க்கு நிரந்தர அரச பதவியின் கதவு மூடப்பட்டிருந்தது. திறமை எவ்வளவு இருப்பினும் நாட்சம்பள வேலையே அவர்க்கு எட்டியது. நாடற்றோராக எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. தர்மபுரம் போன்ற கிராமங்களில் ‘நிரந்தர நியமனம்’ என்ற சொல்லுக்குள்ள பெருமதிப்பை வெறும் வசதி நாட்டம் எனப் பழித்தல், இவ்வரலாற்றை அறியாமையின் விளைவேயாகும்.

எனினும், கோரிக்கை எழும்போதெல்லாம் யாவரையும் நிரந்தரமாக்குதல் இதற்குப் பரிகாரமாகுமா? 2014 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, 180 நாட்கள் சேவையாற்றிய தற்காலிக, அமைய, ஒப்பந்த ஊழியரை நிரந்தரமாக்க வழிசெய்தது. பல குடும்பங்களில் அது விளக்கேற்றியது என்பதில் ஐயமில்லை. ஆயின் எவ்வேலை நிலையானது, எவ்வேலை முடிவுறுவது என்னும் பகுப்பை அது செய்யவில்லை. எத்தனை நாள் வேலை செய்தார் என்பதையே அளவுகோலாகக் கொண்டது. இதனால், தற்காலிகமாக நுழைந்து காத்திருத்தலே நிரந்தரமாவதற்குரிய வழி என்ற எண்ணம் வேரூன்றியது. பரீட்சைக்குக் காத்திருக்கும் ஏழை மாணவனும், செல்வாக்கினால் முன்னரே நுழைந்தவனும் அவ்வழியிற் சமமாக நிற்பதில்லை.

ஆகவே, ஆளை நோக்கி விடை தேடுவதினும் வேலையை நோக்கி விடை தேடுதலே முறையாகும். முடிவுள்ள வேலைக்கு முடிவுள்ள பதவி பொருந்தும். புதிய தரவுத்தளம் ஒன்றை அமைத்தல், பழைய ஏடுகளைக் கணனிக்கு மாற்றுதல், அணையொன்றைப் புனரமைத்தல் ஆகியன அவ்வகையின. முடிவற்ற வேலைக்கு நிரந்தரப் பதவியே வேண்டும். அத்தரவுத்தளத்தைக் காத்தல், பிரதியெடுத்து வைத்தல், வான்கதவை இயக்குதல் ஆகியன இவ்வகையின. முதல் வகையினர் எத்துணைக் காலம் பணியாற்றுவர் என்பது தொடக்கத்திலேயே கூறப்படல் வேண்டும். வெளிப்படையான போட்டியினாலேயே அவர் தெரிவுசெய்யப்படல் வேண்டும். பணிக்காலத்தில் ஒத்த வேலைக்கு ஒத்த சம்பளமும் சேமலாப நிதியும் அவர்க்கு உரியன. விலகும்போது தாம் செய்தவற்றையும் அறிந்தவற்றையும் எழுதிக் கையளித்தல் அவர் கடன். அக்கடனை ஏற்றுக்கொள்ள நிரந்தர அலுவலர் ஒருவர் முதல்நாளிலிருந்தே அருகிலிருத்தல் வேண்டும். பின்னர் நிரந்தரச் சேவைக்குப் போட்டியிடும்போது, பெற்ற அனுபவம் தகுதியாகக் கொள்ளப்படல் வேண்டும். கணக்குக் காட்டுதல், அனுபவத்துக்கு முன்னுரிமை என்னும் இவ்விரு நெறிகளையும் உத்தரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டி வைத்தனர் என்பது இங்கு மீளவும் நினைக்கத்தக்கது.

கல்மடுக்குளத்தின் அணை போருக்குப் பின் மீளக் கட்டப்பட்டது. கட்டியோர் வேலை முடித்துச் சென்றனர், அது இயல்பே. ஒவ்வொரு மாரியிலும் அவ்வணையின்மீது நடந்து கசிவு இருக்கிறதா என நோக்கவேண்டியவர் மட்டும் அங்கேயே இருந்தாக வேண்டும். கிளிநொச்சிக் கச்சேரியின் கணனியிற் பதியப்படும் காணியுரித்துக்கும் இதே காவல் வேண்டும். ஒருமுறை ஏட்டையும் வீட்டையும் இழந்த மக்கள், தம் பெயர் எழுதப்பட்ட பதிவையேனும் அரசு நிலையாகக் காத்துத் தரும் என எதிர்பார்ப்பது மிகையான எதிர்பார்ப்பன்று.